சிவப்பு ரிப்பன் கட்டிய கம்பி

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்றே நான் சட்டம் போட்டுவிட்டேன். பொருத்திக் கொடுக்க வந்தவர் காப்பி குடித்து முடிப்பதற்குள், மகனுடைய கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மூன்று வரி எழுதி, சோற்றுப் பசை தடவிச் சுவரில் ஒட்டியாகிவிட்டது. ஒன்று, படித்து முடிக்காமல் யாரும் அதைத் தொடக் கூடாது. இரண்டு, ஆளுக்கு அரைமணி நேரம். மூன்று, கம்பியைத் திரும்ப மாட்ட வேண்டும். வந்தவர் அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவளுக்குச் சிரிக்க எங்கே நேரம்?

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்போது குடியிருந்தோம். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷங்கள் ஆகியிருக்கும். வீட்டுக்காரர் சாலையில் ஒரு இரும்புச் சாமான் மொத்தக் கடையில் மேனேஜர். நான் நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணம் செய்து வந்தவள். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. வீட்டில் எங்களோடு தமிழில் பேசுவார்கள். அவர்களுக்குள் பேச்சு முழுக்க மலையாளம்தான். சண்டை வந்தால் இன்னும் சுத்தமான மலையாளம்.

அந்த மூன்றாவது சட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் மீதி எதுவும் விளங்காது. வீட்டில் ஒரே ஒரு ஃபோன் லைன். சுவரிலிருந்து வருகிற கம்பி ஃபோனில் மாட்டியிருக்கும். இன்டர்நெட் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கம்பியை ஃபோனிலிருந்து பிடுங்கிக் கம்ப்யூட்டரில் மாட்ட வேண்டும். முடிந்ததும் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கித் திரும்பவும் ஃபோனில் மாட்ட வேண்டும். மாட்ட மறந்துவிட்டால் போச்சு. வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு மணி அடிப்பது மாதிரியே கேட்கும், வீட்டில் சத்தமே இருக்காது. வீட்டில் ஆளில்லை போலிருக்கிறது என்று வைத்துவிடுவார்கள். ஊரில் அப்பாவுக்கு வயதாகிவிட்டது, எந்த நேரத்தில் என்ன சேதி வருமோ என்று எனக்குள் ஒரு பதைப்பு எப்போதும் இருந்தது. அதனால் மகளுடைய பழைய பள்ளிக்கூட ரிப்பனில் ஒரு துண்டை வெட்டி அந்தக் கம்பியின் முனையில் கட்டிவிட்டேன். சிவப்பு ரிப்பன். கம்பி ஃபோனில் இருக்கிறதா கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று அடுக்களை வாசலில் நின்றே பார்த்துவிடலாம். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மகனுக்கு அந்தப் பெட்டியில் கார் ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். அரைமணி நேரம் ஓட்டி, நாலு இடத்தில் மோதிவிட்டு எழுந்து போய்விடுவான். மகள் அப்படியில்லை. அவளுக்கு அது ஒரு பித்து. பள்ளிக்கூடத்தில் பொன்முடிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். திரும்பி வந்தவள் அந்த மலைப்பாதையை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருகிறேன் என்று உட்கார்ந்தாள். பாதையை ஒரு கோடாக வரைந்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளியை அமுக்கினால் அந்த வளைவில் அவள் கண்டது படமாக விரியும். ஒரு வளைவில் தேயிலை பறிக்கிற பெண்கள், ஒரு வளைவில் வாந்தி எடுக்கிற தோழி, ஒரு வளைவில் வெறும் மூடுபனி. எல்லாம் அந்த எலியைப் பிடித்து இழுத்து அவளே வரைந்தது. இதை எப்படிச் செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. இன்டர்நெட்டில் தேடித் தேடி அவளாகக் கற்றுக்கொண்டாள். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் அரைமணி நேரம் கேட்பாள் என்று பயம்.

கேட்கத்தான் செய்தாள். மானிட்டர் மேல் நான் ஒரு அலாரம் கடிகாரம் வைத்திருந்தேன். அது கிணுகிணுவென்று அடித்ததும் அடுக்களையிலிருந்து கத்துவேன்.

“மதி, எந்திரி!”

மதி என்றால் மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். பிள்ளைகளை அதட்டும்போது மட்டும் எனக்கும் மலையாளம் வந்துவிடும்.

“அம்மா, ஒரு அஞ்சு மினிட் கூடி.”

“அஞ்சும் வேண்டாம், பத்தும் வேண்டாம். எந்திரிக்கியா, நான் வரட்டா?”

ஒரு நாள் போகவும் செய்தேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில்தான் இருக்கும். போய் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டேன். அவள் அப்போது எட்டாவது வளைவை வரைந்துகொண்டிருந்தாள். சேமித்து வைக்கவில்லை. திரை கறுத்துப்போனதும் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. கீழுதட்டை மட்டும் பல்லால் கடித்துக்கொண்டு, கம்பியைப் பிடுங்கி ஃபோனில் மாட்டிவிட்டுப் போனாள். அந்தக் கோபத்திலும் கம்பியை மாட்ட அவள் மறக்கவில்லை. மறுநாள் எட்டாவது வளைவை முதலிலிருந்து வரைந்தாள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்ல இத்தனை வருஷம் எனக்கு வாய் வரவில்லை.

பிள்ளைகள் எட்டேகாலுக்குப் பள்ளிக்கூடம் போவார்கள். வீட்டுக்காரர் எட்டரைக்குக் கடைக்குப் போவார். அதற்குப் பிறகு அந்த முன்னறையில் நானும் கம்ப்யூட்டரும்தான். பிள்ளைகள் அதில் என்ன பார்க்கிறார்கள் என்று சோதிக்கத்தான் முதலில் உட்கார்ந்தேன். போலீஸ் வேலை. எனக்கு டைப்ரைட்டிங் தெரியும், ஹையர் பாஸ் செய்தவள். கை சும்மா இருக்குமா? எதையோ தட்டப் போய், எங்கெங்கோ இருக்கிற தமிழர்கள் கூடிப் பேசுகிற ஒரு பக்கம் திறந்தது. ஒருவர் எந்த நாட்டிலிருந்தோ கேட்டிருந்தார், உள்ளித் தீயல் எப்படி வைப்பது, தேங்காயை எந்தப் பதத்தில் வறுப்பது என்று. எனக்குப் பொறுக்கவில்லை. எழுதினேன். மறுநாள் திறந்தால் ஐந்து பேர் பதில் எழுதியிருந்தார்கள். நன்றி அக்கா, அப்படியே எங்கள் அம்மா கைமணம் அக்கா, இன்னும் எழுதுங்கள் அக்கா.

அந்த அக்காவில் நான் விழுந்துவிட்டேன். வேறென்ன சொல்ல? வீட்டில் என் தமிழ் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்காரருக்குச் சோறு ஆச்சா, சட்டை எங்கே என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு நான் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் கொட்டாவி வரும். அங்கே நான் நாலு வரி எழுதினால் நாற்பது பேர் படித்தார்கள். நான் சொன்ன நாஞ்சில் நாட்டு வார்த்தைகளுக்குச் சிரித்தார்கள், வாதம் செய்தார்கள். பிள்ளைகளுக்கு அரைமணி என்று சட்டம் போட்டவள் காலையில் இரண்டு மணி நேரம், சில நாள் இரண்டரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும் கம்பியை ஃபோனில் மாட்டிவிடுவேன். அலாரம் கடிகாரத்தை மட்டும் திருப்பி வைத்துவிட்டு உட்காருவேன், அதன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது. வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது.

அது ஆடி மாதத்து மழை நாள். முந்தின நாள் சாயங்காலம் மகளுக்கும் எனக்கும் வழக்கமான சண்டை நடந்து, பத்து நிமிஷம் தாமதமாக எழுந்து போயிருந்தாள். ஒன்பதாவது வளைவு முடிந்துவிட்டது என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது முன்னறையில் அவள் மலையாளத்தில் பேசுகிற சத்தம் கேட்டது. தம்பியோடு ஏதோ வம்பு என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரும் கிளம்பிப் போனார்கள். ஒன்பதரை மணிக்கு நான் சிவப்பு ரிப்பனைப் பிடித்து இழுத்துக் கம்பியைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன்.

அன்று அங்கே அவரவர் அப்பாவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். நானும் எழுதினேன். என்னை டைப்ரைட்டிங் படிக்க அனுப்பியபோது எங்கள் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் என்னோடு நடந்து வந்து, நான் ஒரு மணி நேரம் தட்டி முடிக்கிற வரைக்கும் எதிர்த்த கடைப் படியில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முடிந்து வந்தால் ஒரே கேள்விதான், கை வலிக்கா பிள்ளே? இதையெல்லாம் எழுதினேன். எழுதும்போதே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. போட்ட கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகப் பதில் எழுத ஆரம்பித்தார்கள். அழவைத்துவிட்டீர்கள் அக்கா என்று ஒருவர். நான் அந்தப் பாராட்டைப் படிக்க உட்கார்ந்திருந்தேன். ஒன்று படித்ததும் அடுத்தது வருகிறதா என்று காத்திருந்தேன்.

அடுப்பில் வைத்திருந்த சிறுபயறு கருகுகிற வாசனை வந்து ஓடினேன். பானை அடிப்பிடித்துக் கரிக்கட்டையாகிவிட்டது. திரும்பி வந்து அவசரமாகக் கம்ப்யூட்டரை அணைத்தேன், அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. பானையைத் தேய்த்தேன், வேறு கறி வைத்தேன், சாப்பிட்டேன், கொஞ்சம் கண்ணயர்ந்தேன். இன்று ஃபோன்கூட வரவில்லை, நல்ல அமைதி என்று நினைத்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

மூன்றேகாலுக்கு வீட்டுக்காரர் குடையில்லாமல் நனைந்துகொண்டு ஓடி வந்தார்.

“ஃபோன் எடுத்தா என்ன உனக்கு? உன் அண்ணன் காலையிலேர்ந்து அடிச்சுக்கிட்டு இருக்காரு! இப்பத்தான் கடை நம்பரைத் தேடிப் பிடிச்சுக் கூப்பிட்டாரு. அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. கிளம்பு.”

நான் ஃபோனைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு இருவரும் கம்ப்யூட்டரைப் பார்த்தோம். சிவப்பு ரிப்பன் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

“யாரு வேலை இது?”

“அவதான்” என்றேன். “நேத்து சாயங்காலம் அவதானே கடைசியா உக்காந்திருந்தா. நான் ஆயிரம் தடவை சொல்லியாச்சு, கேட்டாத்தானே சவம்.”

அவதான் என்றது பதற்றத்தில் நினைவில்லாமல் வந்த வார்த்தை என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. அதுவும் பொய். எனக்கு நன்றாக நினைவிருந்தது. கருகின பானை இன்னும் முற்றத்தில் கவிழ்த்துக் கிடந்தது. தெரிந்துதான் சொன்னேன். அந்த நிமிஷத்தில் இவர் என்னை ஏசக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்தே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். பாட்டாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னோம். மகள் யூனிஃபார்மோடு, இரட்டைப் பின்னலோடு எனக்கு எதிர் வரிசையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். பஸ் கரமனைப் பாலம் தாண்டியதும் அவர் கேட்டார்.

“நேத்து கம்பியை மாத்தினியா இல்லியாட்டி?”

“மாத்தினேம்பா.”

“பொய் சொல்லாத. காலையிலேர்ந்து மாமா கூப்பிட்டிருக்காரு. கம்பி கம்ப்யூட்டர்ல கிடக்கு. பாட்டா அங்க உசிருக்குப் போராடிட்டு இருக்காரு, உனக்கு விளையாட்டு!”

பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மகள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வாயை என்னவோ சொல்லத் திறந்தாள். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே மழையைப் பார்த்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி. அப்பா ஆறுக்கு முன்னாலேயே போய்விட்டார். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அண்ணன் என்னைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

“காலையில பத்து மணிக்கு நல்லா பேசிட்டுதான் இருந்தாரு பிள்ளே. உன்னத்தான் கேட்டாரு. வந்தாச்சா, வந்தாச்சான்னு மத்தியானம் வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தாரு. பதினாறு தடவை அடிச்சேன். மணி அடிக்கு, எடுக்க ஆளில்ல. பதினோரு மணிக்கு நீ எடுத்திருந்தா ரெண்டு மணிக்கு வந்திருப்ப.”

அப்பாவுடைய கையைப் பிடித்தேன். சில்லிட்டிருந்தது. என் பின்னால் வீட்டுக்காரர் அண்ணனிடம் மெதுவாகச் சொல்வது கேட்டது, பிள்ளை கம்ப்யூட்டரில் விளையாடிவிட்டுக் கம்பியை மாற்றவில்லை என்று. மெதுவாகத்தான் சொன்னார். துட்டி வீட்டில் மெதுவாகச் சொல்வதுதான் வேகமாகப் பரவும். கொஞ்ச நேரத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து மூலையைப் பார்த்தார்கள். மூலையில் என் மகள் யூனிஃபார்மோடு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினான்கு வயது. அவள் பக்கத்தில் யாரும் போய் உட்காரவில்லை. நானும் போகவில்லை.

பதினாறாம் நாள் அடியந்திரம் வருவதற்குள் அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. கம்பியைப் பிடுங்கின பிள்ளை. முதலில் குற்றமாகச் சொன்னார்கள். பிறகு வருத்தமாக. சில வருஷம் கழிந்ததும் கேலியாக. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருத்தி, இதுதானே அந்தக் கம்பியைப் பிடுங்கின பிள்ளை, நல்லா வளந்துட்டாளே என்பாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். வாய்க்குப் பேர்போனவள், ஒரு சொல் பொறுக்காதவள். அந்த ஒரு பேச்சு வந்தால் மட்டும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிடுவேன்.

ஊரிலிருந்து திரும்பிய பிறகு மகள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. அவளுடைய அரைமணி நேரத்தையும் சேர்த்து மகன் கார் ஓட்டினான். ஒரு மாதம் பார்த்தேன். பிறகு நானே போய்க் கூப்பிட்டேன்.

“போய் உக்காரு மக்களே. ஒரு மணி நேரம் வேணும்னாலும் இருந்துக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“வேண்டாம்மா. படிக்கணும்.”

“அந்தப் பொன்முடி?”

“அது சாரமில்ல.” பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துப் போட்டேன். சோற்றுப் பசை, பாதிதான் வந்தது. மிச்சம் இருந்த பாதியில் ‘மாட்ட வேண்டும்’ என்கிற இரண்டு வார்த்தை அடுத்த வெள்ளையடிப்பு வரைக்கும் சுவரில் இருந்தது. நானும் அந்தத் தமிழ்ப் பக்கத்தை அதற்குப் பிறகு திறக்கவில்லை. திறக்காமல் இருந்ததை ஒரு தண்டனை மாதிரி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் எல்லாரிடமும் உண்மையைச் சொல்வதைவிட அது எவ்வளவோ சுலபம்.

சொல்ல நினைத்த நாட்களும் உண்டு. இன்றைக்குச் சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று காலையில் நினைப்பேன். சாயங்காலம் அவர் களைத்து வருவார். சரி, அண்ணனிடம் முதலில் சொல்லலாம் என்று நினைப்பேன். அண்ணன் ஃபோனில் அப்பா பேச்சை எடுத்ததும், அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிடுவேன். அப்பா கடைசியாக வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்த நேரத்தில் நான் முன்பின் தெரியாதவர்களிடம் அவரைப் பற்றி எழுதிப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? நாள் போகப் போக, ஏன் இதுவரை சொல்லவில்லை என்பதும் சேர்ந்துகொண்டது.

மகள் பத்தாம் வகுப்பு நல்ல மார்க்கில் பாஸானாள். ப்ளஸ் ஒண்ணுக்கு அப்ளிகேஷன் ஃபாரம் வாங்கி வந்தாள். எந்தக் குரூப் வேண்டும் என்று வரிசையாக எழுத வேண்டும். அவளுடைய டீச்சர் வீடு தேடி வந்தே சொல்லியிருந்தார், இந்தக் குட்டியைக் கம்ப்யூட்டர் சயன்ஸில்தான் சேர்க்க வேண்டும் என்று. சாயங்காலம் நான் அடுக்களையில் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தேன். அவள் ஃபாரத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். பெயர், விலாசம் எல்லாம் எழுதினாள். அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள்.

“அம்மா, எதை எழுத?”

“உன் இஷ்டம்.”

அவள் எழுதவில்லை. பேனாவைத் தாளில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம். பேனா முனை பட்ட இடத்தில் மை ஊறி ஒரு பொட்டு ஆகிவிட்டது. என்னட்டி பாக்க, ஃபாரம் வீணாகுது என்றேன். குனிந்து காமர்ஸ் என்று எழுதினாள். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் நான் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பிறகு காலம் ஓடிவிட்டது. பி.காம் முடித்தாள், ஒரு துணிக்கடை ஆபீஸில் வேலைக்குப் போனாள், வரன் அமைந்தது. நிச்சயதார்த்தம் பழவங்காடி பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் அண்ணன் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மகள் எதிர்ப் பந்தியில் இருந்தாள். அண்ணன் நல்லவன், கேலிக்காரன், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவன்.

“மாப்பிள்ளே, ஒண்ணே ஒண்ணு மட்டும் பாத்துக்கிடும். எங்க பிள்ளை தங்கம். ஆனா அவ கையில ஃபோன் கம்பியை மட்டும் குடுத்துராதீரும்!”

பந்தி முழுக்கச் சிரிப்பு. மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் சிரித்து வைத்தார். மகளும் சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுதிருந்தால், முகம் சுளித்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தான் செய்ததைச் சொல்லிக் கேலி செய்தால் ஒருத்தி எப்படிச் சிரிப்பாளோ, அப்படிச் சிரித்தாள். நான் இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனேன்.

இரண்டு நாள் கழித்து, கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தோம். மத்தியானம். வீட்டுக்காரர் கடையில், மகன் காலேஜில். கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய கம்ப்யூட்டரை இழுத்து வெளியே வைத்திருந்தோம், பழைய சாமான் எடுக்கிற ஆக்ரிக்காரனிடம் போட்டுவிடலாம் என்று. மகள் தரையில் உட்கார்ந்து சிக்கலாகக் கிடந்த கம்பிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதில் அந்தக் கம்பியும் வந்தது. ரிப்பன் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டிருந்தது, முடிச்சு மட்டும் சிவப்பு.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“மக்களே, அன்னைக்குக் கம்பியை மாத்தாம விட்டது நான்.”

அவள் கை நிற்கவில்லை. கம்பியை முழங்கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

“தெரியும்மா.”

“எப்படித் தெரியும்?”

“அன்னைக்குக் காலையில நான் என் கிளாஸ் கூட்டுக்காரிக்கு ஃபோன் பண்ணினேம்லா. கணக்கு நோட்டு கொண்டு வரச் சொல்லி. நீ குளிச்சுட்டு இருந்த. ஃபோன் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் வீட்ல நீ மட்டும்தானே.”

“பின்ன ஏன்ட்டி அப்பாட்ட சொல்லல? பஸ்ல அத்தனை பேர் முன்னாடி உன்ன ஏசினாரே!”

“சொல்லத்தான் வந்தேன். உன் மூஞ்சியப் பாத்தேன். உங்க அப்பா சாகக் கெடக்காரு, இப்ப உன்னையும் எல்லாரும் சேந்து ஏசினா நீ என்ன ஆவன்னு தோணிச்சு. சரி, நாளைக்கு அம்மாவே சொல்லிருவான்னு விட்டுட்டேன்.”

நான் அழ ஆரம்பித்தேன். அவள் என்னைத் தேற்றவில்லை, கோபப்படவும் இல்லை. கம்பியைச் சுருட்டி முடித்து முனையைச் செருகிக்கொண்டிருந்தாள். அண்ணனிடம் இன்றைக்கே ஃபோன் செய்து சொல்கிறேன், எல்லாரிடமும் சொல்லச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்குச் சொல்லவும் செய்தேன். அண்ணன், இத்தனை வருஷமும் அந்தப் பிள்ளையைப் போட்டு நாம என்று தொடங்கி, முடிக்காமல் வைத்துவிட்டான். ஆனால் அதெல்லாம் பிறகு.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். எனக்கு எப்போது வாய் நின்றிருக்கிறது?

“நான் சொல்லுவேன்னு காத்துட்டா இருந்த?”

“கொஞ்ச நாள்.”

“எவ்வளவு நாள் மக்களே?”

அவள் கம்பியைச் சாக்கில் போட்டாள். கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அந்த ப்ளஸ் ஒண் ஃபாரம் எழுதின அன்னைக்கு வரைக்கும்.”

சொல்லிவிட்டு எழுந்து, டீ போடட்டுமா அம்மா என்று கேட்டுக்கொண்டே அடுக்களைக்குள் போனாள்.